ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதக் கற்பது: எந்த மொழி என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது

நீங்கள் எழுதியது இது: பைதான் என்ற நிரல்மொழி ஓரளவு தெரியும். இணையத்தில் ஒரு ரோல்பிளேயிங் விளையாட்டை ஆடிவருகிறேன். அதில் மரம் வெட்டுவது, ஒரே வகை விலங்கைத் திரும்பத் திரும்பக் கொல்வது போன்ற அலுப்பூட்டும் வேலைகளை ஒரு ஸ்கிரிப்டிடம், அதாவது தானாக ஓடும் சிறு நிரலிடம், ஒப்படைக்க விரும்புகிறேன். எந்த மொழியைக் கற்க வேண்டும், எவ்வளவு காலம் ஆகும், கணக்கு முடக்கப்படுமா, இந்தப் பழக்கம் பின்னாளில் வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொழியைப் பற்றிய கேள்வி முன்னால் நின்றாலும், அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை தெரியாமல் எந்த மொழியைக் கற்றாலும் பயனில்லை. விளையாட்டுக்குள் இந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நிரல் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதே அந்தக் கேள்வி. ஒரு விசையை அழுத்த வைப்பது எளிது. எப்போது அழுத்தக் கூடாது என்று அதற்குச் சொல்லித் தருவதில்தான் முழு உழைப்பும் போகிறது.

மென்பொருள் சோதனைகளைத் தானியங்கியாக்கும் பணியில் நான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். எழுத்துவழி இணைய விளையாட்டுகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது அதைவிடப் பழைய பழக்கம். ஆகவே எழுத்துவழி விளையாட்டுகளைப் பற்றிக் கீழே சொல்பவை என் கைப்பழக்கத்திலிருந்து வருபவை. முப்பரிமாண விளையாட்டுகளைப் பற்றிப் பொதுவில் உறுதிப்பட்ட செய்திகளை மட்டுமே சொல்கிறேன். சட்டத்தைப் பற்றிய பகுதியை, வழக்கறிஞர் அல்லாத ஒருவர் தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொண்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்கிரிப்ட் விளையாட்டைப் பார்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, மனிதரைப் போலவே திரையைப் பார்ப்பது. ஆட்டோஹாட்கீ, பைதானில் பைஆட்டோகுய், ஓப்பன்சிவி போன்ற கருவிகளைக் கொண்டு, திரையின் ஓர் இடத்தில் குறிப்பிட்ட நிறம் இருக்கிறதா, முன்பே சேமித்த சிறு படம் எங்காவது தென்படுகிறதா என்று தேடி, அங்கே மவுஸைக் கொண்டுபோய்க் கிளிக் செய்வார்கள். தொடக்கநிலையாளர்களுக்கான காணொளிகளில் நீங்கள் பார்த்திருப்பதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். முதல் நாளே ஏதோ ஒன்று அசைவதால் உற்சாகம் தரும் வழி இது; ஆனால் கற்பதற்கு மோசமான வழி என்பது என் கருத்து. விண்டோஸில் திரையின் அளவு விகிதத்தை 100 சதவீதத்திலிருந்து 125 ஆக்கினாலே சேமித்த படம் பொருந்தாது. விளையாட்டுக்குள் மாலையாகி வெளிச்சம் மங்கினால் நிறம் மாறும். ஓர் அறிவிப்புப் பெட்டி மேலே வந்து உட்கார்ந்தால் மரம் காணாமல் போகும். உங்கள் நேரமெல்லாம் படத்தைத் தேடுவதில் செலவாகுமே தவிர, தர்க்கத்தை எழுதுவதற்கு மிஞ்சாது.

இரண்டாவது வழி, விளையாட்டு நிரலின் நினைவகத்தையோ அது சர்வர் எனப்படும் நிறுவனத்தின் கணினியோடு பரிமாறும் பாக்கெட்டுகள் என்ற தரவுத் துண்டுகளையோ நேரடியாகப் படிப்பது. துல்லியமான வழிதான், ஆனால் நிறுவனம் ஒரு அப்டேட் வெளியிட்டதும் முகவரிகளும் அமைப்பும் மாறி, எழுதியது உடைந்துபோகும். ரூன்ஸ்கேப் என்ற இணைய ரோல்பிளேயிங் விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2011 அக்டோபரில் செய்த மாற்றத்தில், கிளையன்டின் (ஆடுபவரின் கணினியில் ஓடும் விளையாட்டு நிரல்) உள்ளமைப்பை நம்பி ஓடிக்கொண்டிருந்த பாட்கள், அதாவது தானாக ஆடும் நிரல்கள், ஒரேயடியாகச் செயலிழந்தன. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் தேடுபவற்றில் இந்த வகையும் உண்டு. மூன்றாவது வழி, விளையாட்டே தன் நிலையை எழுத்தாகவோ, ஸ்கிரிப்டுக்கென்று திறந்துவிட்ட இடைமுகமாகவோ தருவது. கற்பவருக்கு இதுவே சரியான வாசல். நான் பரிந்துரைப்பதும் இதையே.

இந்த மூன்றாவது வழி மிக இயல்பாக அமைந்திருப்பது மட் என்று அழைக்கப்படும் எழுத்துவழி விளையாட்டுகளில்தான். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிய விளையாட்டின் வழியில் வந்தவை இவை. இன்றைய இணைய ரோல்பிளேயிங் விளையாட்டுகள் பலவற்றுக்கும் மூதாதையர். 1991இல் தொடங்கிய டிஸ்க்வேர்ல்ட் மட், 1997இல் தொடங்கிய அக்கேயா ஆகியவை இன்றும் நடக்கின்றன. படம் எதுவும் கிடையாது. அறையின் வர்ணனை, எதிரியின் அடி, உங்கள் உயிரளவு எல்லாமே வரி வரியாக எழுத்தில் வரும். நீங்களும் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே ஆடுவீர்கள். ஆகவே படத்தைப் புரிந்துகொள்ளும் சிக்கல் முழுவதும் விலகி, நீங்கள் கற்க விரும்பும் பகுதி மட்டும் எஞ்சுகிறது. இவற்றை ஆட மட்லெட் என்ற இலவச, திறமூல நிரல் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் ஸ்கிரிப்ட் மொழி லூவா. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்த சிறிய மொழி அது. பைதான் தெரிந்தவருக்கு ஒரு வார இறுதியில் வசப்பட்டுவிடும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் ஆட்ஆன்கள் (ஆட்டக்காரர்கள் எழுதிச் சேர்க்கும் துணை நிரல்கள்) எழுதப்படுவதும் அதே மொழியில்தான் என்பதால், இங்கே கற்றது அங்கேயும் செல்லும்.

தொடங்கியதும் ஸ்கிரிப்டைத் திறக்காதீர்கள். லாகை, அதாவது வரும் வரிகளையெல்லாம் சேமிக்கும் பதிவை, இயக்கிவிட்டு நீங்களே சில மணி நேரம் ஆடுங்கள். பிறகு அந்த லாகைப் பொறுமையாகப் படியுங்கள். விலங்கு இறந்ததும் என்ன வரி வருகிறது, அடி தவறினால் என்ன வருகிறது, கட்டளையை விளையாட்டு ஏற்காதபோது என்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அலியாஸ், அதாவது நீளமான கட்டளைக்கு ஒரு சுருக்கம், எழுதிப் பழகுங்கள். அடுத்தது டிரிக்கர்: குறிப்பிட்ட வரி வந்தால் குறிப்பிட்ட செயலைச் செய் என்பது. இங்கே ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது தேடும் வரியின் வடிவத்தைக் குறிகளால் எழுதும் முறை, தேவைப்படும். அதைத் தனிப் பாடமாக உட்கார்ந்து படிப்பதைவிட, உங்கள் லாகில் இருக்கும் உண்மையான வரிகளின் மீது பழகுவது விரைவாகக் கைவரும். மட்லெட்டில் வடிவத்தோடு பொருந்திய பகுதி முழுவதும் மேட்சஸ் என்ற பட்டியலின் 1ஆம் இடத்தில் இருக்கும், நீங்கள் அடைப்புக்குறிக்குள் பிடித்த முதல் பகுதி 2ஆம் இடத்தில் இருக்கும். 0இலிருந்து தொடங்கும் பைதானின் எண்ணிக்கைக்குப் பழகியவர்கள் இங்கே சிறிது தடுமாறுவார்கள்.

டிரிக்கரில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் பொறிகள் சில உண்டு. 'உனக்குத் தாகம் எடுக்கிறது' என்ற பொருளுள்ள வரி வந்தால் தண்ணீர் குடி என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் இன்னோர் ஆட்டக்காரர் அதே சொற்களைப் பேச்சாகச் சொன்னாலும் உங்கள் பாத்திரம் குடிக்கும். அவர் பத்து முறை சொன்னால் பத்து முறை குடிக்கும், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பேச்சு வரியின் தொடக்கத்தில் பேசுபவரின் பெயர் வரும் என்பதால், உங்கள் வடிவம் வரியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழுமையாகப் பொருந்த வேண்டும் என்று கட்டினால் இது தீரும். ஆனால் அக்கேயாவில் இதுவும் போதாது. அங்கே எதிரியின் திரையில் பொய்யான வரியைத் தோன்றச் செய்யும் மாயை என்ற திறனே விளையாட்டின் பகுதியாக இருக்கிறது. உங்களுக்கு வராத நோய் வந்ததாகக் காட்டி, மருந்தை வீணாக்க வைப்பார்கள். வந்த வரியை அப்படியே நம்பாமல், அது இந்த நிலையில் வரக்கூடியதுதானா என்று சரிபார்க்கும் பழக்கம் அங்கே ஆடியவர்களுக்குத் தானாக வந்துவிடும். மற்றொரு பொறி, தன்னையே தூண்டும் டிரிக்கர்: அது அனுப்பும் கட்டளையின் விடையிலேயே அதே வரி இருந்தால், சர்வருக்குக் கட்டளைகள் வெள்ளமாகப் போய், இணைப்பு துண்டிக்கப்படும்.

இனி, இந்தக் கலையின் நடுப்பகுதியான நிலையைப் பற்றி. தொடக்கநிலையாளரின் ஸ்கிரிப்ட் 'வெட்டு, மூன்று நொடி காத்திரு, எடு, இரண்டு நொடி காத்திரு' என்று நேரத்தை வைத்து ஓடும். சர்வர் தாமதித்த முதல் நிமிடத்திலேயே அது தடம் புரளும். மரம் விழுவதற்கு முன்பே எடுக்கப் பார்க்கும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு படியும் ஒரு படி தள்ளி நிற்கும். இட்லிக் கொப்பரையைக் கடிகாரத்தைப் பார்த்து மட்டும் இறக்குபவருக்கும், மூடியைத் திறந்து மாவு வெந்ததா என்று தொட்டுப் பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடு இது. விளையாட்டில் காலத்தைத் தீர்மானிப்பது உங்கள் கணினி அல்ல, சர்வர். ரூன்ஸ்கேப்பின் சர்வர் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் உலகத்தை நகர்த்துகிறது. அதற்குள் நீங்கள் எத்தனை கிளிக் அனுப்பினாலும் வேகம் கூடாது. அக்கேயாவில் ஒரு தாக்குதல் செய்தால் பேலன்ஸ், அதாவது மறுபடி செயல்படும் தகுதி, போய்விடும். அது திரும்பியது என்ற வரி வரும்வரை அடுத்த தாக்குதலை விளையாட்டு ஏற்காது. ஆகவே ஸ்கிரிப்ட் தன்னிடம் சில உண்மைகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: பேலன்ஸ் இருக்கிறதா, எதிரி அறையில் இருக்கிறதா, கடைசியாக அனுப்பிய கட்டளைக்கு விடை வந்ததா. விளையாட்டிலிருந்து வரும் வரிகள் இந்த உண்மைகளை மாற்றும். இந்த உண்மைகளைப் பார்த்து மட்டுமே முடிவெடுக்கும் ஒரே ஒரு பகுதி கட்டளைகளை அனுப்பும். டிரிக்கர்கள் ஒவ்வொன்றும் தம் போக்கில் கட்டளை அனுப்பும் ஸ்கிரிப்ட் இருபது டிரிக்கர் வரை தாங்கும். அதற்கு மேல் எது எதைத் தூண்டியது என்று எழுதியவருக்கே விளங்காது. டைமருக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு: எதிர்பார்த்த வரி குறிப்பிட்ட நேரத்துக்குள் வரவில்லை என்றால், ஏதோ தவறு என்று அறிந்து நிற்பதற்கு.

உயிரளவு போன்ற எண்களை வரிகளிலிருந்து பிய்த்தெடுக்க வேண்டிய தேவை பல விளையாட்டுகளில் இல்லை. ஜிஎம்சிபி என்ற வழியில் சர்வர் அவற்றைத் தனியாக, ஒழுங்கான தரவாக அனுப்பும். மட்லெட் அதை லூவா டேபிளாக (பெயரும் மதிப்புமான பட்டியல்) உங்கள் முன் வைத்துவிடும். ஒரு நுட்பத்தை மட்டும் நினைவில் வையுங்கள். அக்கேயா உயிரளவை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாக அனுப்புகிறது. லூவா கூட்டல் கழித்தலில் சரத்தைத் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும், ஒப்பிடும்போது மாற்றாது. இரண்டு சரங்களை ஒப்பிட்டால் அகரவரிசை போல் முதல் எழுத்திலிருந்து பார்க்கும் என்பதால், 950 என்பது 1000ஐவிடப் பெரியது என்று அதற்குத் தோன்றும்; அடிபட்டிருந்தும் உயிர் நிறைந்திருப்பதாக நினைத்து உங்கள் ஸ்கிரிப்ட் மருந்து குடிக்காமல் நிற்கும். வாங்கியவுடன் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

நிறுத்தும் வழியை முதலில் எழுதுங்கள். ஒரே விசையில் எல்லாமே நிற்க வேண்டும். உயிர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனாலோ, தெரியாத அறைக்குள் வந்துவிட்டாலோ தானாகவே நிற்க வேண்டும். பைஆட்டோகுய்யில்கூட மவுஸைத் திரையின் மூலைக்குத் தள்ளினால் நிரல் நின்றுவிடும் ஏற்பாடு இயல்பாகவே இருக்கிறது. சோதிப்பதற்கு ஒவ்வொரு முறையும் விலங்கைத் தேடி அலைய வேண்டாம்: மட்லெட்டில் ஃபீட்டிரிக்கர்ஸ் என்ற ஃபங்ஷன், நீங்கள் தரும் வரியைச் சர்வரிலிருந்து வந்தது போலவே டிரிக்கர்களுக்கு ஊட்டும். பழைய லாகிலிருந்து ஆபத்தான தருணங்களை எடுத்து அதன் வழியாக ஓட்டிப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரிந்த பைதானுக்கு இதற்கு அடுத்த கட்டத்தில் இடம் உண்டு: கிளையன்டை விட்டுவிட்டு, நீங்களே சாக்கெட்டை, அதாவது நேரடி இணைய இணைப்பை, திறந்து சர்வரோடு பேசுவது. மட்லெட் உங்களுக்காக அமைதியாகச் செய்துவந்த வேலைகள் அப்போதுதான் தெரியும். இணைப்பின் அடியில் இருக்கும் டிசிபி என்ற இணைய நெறிமுறை வரிகளாக அனுப்புவதில்லை. பைட்டுகளின் ஓட்டமாக அனுப்புகிறது. 1200 என்ற உயிரளவு ஒரு வாசிப்பில் 12 என்றும் அடுத்த வாசிப்பில் 00 என்றும் வரலாம்; முழு வரி சேரும்வரை காத்திருக்காத நிரல், சாகப்போகிறோம் என்று பதறி ஓடும். கட்டளைக்காகக் காத்திருக்கும் பிராம்ப்ட் பெரும்பாலும் வரி முடிவுக் குறி இல்லாமலே நிற்கும். அது முடிந்தது என்று அறிய, டெல்நெட் என்ற பழைய இணைப்பு நெறிமுறையின் கோ அஹெட் என்ற குறியைச் சில சர்வர்கள் அனுப்புகின்றன. இந்தக் குறிகள் 255 என்ற பைட்டோடு தொடங்கும். அவற்றை எழுத்திலிருந்து பிரித்தெடுப்பது உங்கள் பொறுப்பு. பழைய பாடங்களில் வரும் டெல்நெட்லிப் தொகுதி பைதான் 3.13இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதால், அவற்றை அப்படியே தட்டச்சு செய்தால் முதல் வரியிலேயே பிழை வரும். ஆள் இல்லாமல் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்க்கும் ஆசை இருந்தால், எவென்னியா என்ற திறமூல நிரலை உங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். அது பைதானில் எழுதப்பட்ட மட் சர்வர். இயல்பாக 4000ஆம் போர்ட்டில் காத்திருக்கும். விதிகளும் உங்களுடையவை, விலங்குகளும் உங்களுடையவை. யாருடைய ஆட்டமும் கெடாது.

கணக்கு முடக்கப்படுமா என்பதில் உறுதியானது இது: பெரிய வணிக விளையாட்டுகளில் ஆள் இல்லாமல் ஆடும் ஸ்கிரிப்ட் விதிமீறல், கணக்கை முடக்கும் உரிமையை நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளிலேயே நிறுவனம் எழுதி வைத்திருக்கும். ஸ்கிரிப்டையே வரவேற்கும் விளையாட்டும் எல்லையை மாற்றிக்கொள்ளும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க ஆண்டுகளில், யாரைக் குணப்படுத்துவது, எந்த மந்திரத்தைப் போடுவது என்பதை ஆட்ஆனே தேர்ந்தெடுக்க முடிந்தது. 2006 டிசம்பரில் வந்த 2.0 அப்டேட்டோடு அது முடிந்தது. இன்று ஆட்ஆன் தகவலைக் காட்டலாம். மந்திரத்தைப் போட உங்கள் விரல் ஒரு விசையை அழுத்தியாக வேண்டும். எழுத்துவழி விளையாட்டுகளில், நீங்கள் விசைப்பலகையின் முன் இருக்கும்வரை டிரிக்கரை அனுமதித்து, ஆள் இல்லாத ஓட்டத்தைத் தடுப்பது பரவலான நடைமுறை. ஆனாலும் விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும், உள்ளேயே இருக்கும் ஹெல்ப் பக்கங்களைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஐயத்துக்குரியது, எப்போது, எதனால் பிடிபடுவீர்கள் என்பது. கண்டுபிடிக்கும் முறைகளை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. ஆகவே 'இது பிடிபடாது' என்று விற்கும் எவருக்கும் அப்படிச் சொல்லும் அடிப்படை இல்லை. கண்டுபிடித்தவுடன் முடக்காமல், சேர்த்து வைத்து ஒரே நாளில் முடக்கும் வழக்கமும் உண்டு என்பதால், 'இரண்டு மாதமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற சான்றுக்கு மதிப்பில்லை. அப்படி விற்கப்படும் நிரலை இறக்கி ஓட்டுவது, உங்கள் கடவுச்சொல்லை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமமான ஆபத்து. சட்டத்தைப் பொறுத்தவரை, நான் படித்த முக்கியமான தீர்ப்பு அமெரிக்காவுடையது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்குக் கிளைடர் என்ற பாட்டை விற்ற எம்டிஒய் நிறுவனத்துக்கும் அந்த விளையாட்டை நடத்தும் பிளிசார்டுக்கும் நடந்த வழக்கில், பாட்டைப் பயன்படுத்தி விதியை மீறுவது மட்டுமே பதிப்புரிமை மீறல் ஆகாது, ஆனால் வார்டன் என்ற கண்காணிப்பு நிரலைத் தாண்டுவதற்கான கருவியை விற்றது சட்டமீறல் என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 டிசம்பரில் கூறியது. அந்த வழக்கு விற்றவரைப் பற்றியது. தனக்காக எழுதி ஆடுபவரைப் பற்றிய தீர்ப்பாக அதை நீட்டக் கூடாது. வேறு நாடுகளுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது.

காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் அடிப்படைக்கு, டிரிக்கரும் அலியாசும் சில வார இறுதிகளில் வந்துவிடும். நிலையைச் சரியாகப் பிடித்து, எதிர்பாராதது நடந்தால் நிற்கும் ஸ்கிரிப்ட் எழுதச் சில மாதங்கள் ஆகலாம். எதையும் அனுப்பாமல், உயிரளவையும் எதிரியின் பெயரையும் மட்டும் பிடித்து ஒரு கோப்பில் எழுதும் ஸ்கிரிப்டோடு தொடங்குங்கள். அந்தக் கோப்பும் உங்கள் கண் பார்த்ததும் ஒன்றாக இருக்கும் நாளில் முதல் கட்டளையை அனுப்ப விடுங்கள்.

வேலைக்கு உதவுமா என்றால், நேரடியாகவே உதவும். பிராம்ப்ட் வரும்வரை காத்திரு, வந்ததைப் படி, பிறகு அனுப்பு என்ற இதே முறையில் இயங்கும் எக்ஸ்பெக்ட் என்ற கருவி 1990 முதல் சர்வர் நிர்வாகிகளிடம் புழங்குகிறது. ரவுட்டர்களையும் ஸ்விட்சுகளையும் பைதானில் இயக்க நெட்மிகோவைப் பயன்படுத்துபவர்கள் தினமும் செய்வதும் அதுதான். உங்கள் நிரலைப் பொதுவில் வைக்கும்போது பழைய லாக் வரிகளை ஊட்டிச் சோதிக்கும் டெஸ்ட்களையும் சேர்த்தே வையுங்கள். நேர்காணலில் உங்கள் முன் நான் உட்கார்ந்திருந்தால் முதலில் திறந்து பார்ப்பது அந்த டெஸ்ட் கோப்புறையைத்தான்.